அம்மிக்கல்லுக்கு அடியில் ஒரு புத்தகம்

விடிகாலை நாலரை மணிக்கு எங்கள் சிலமலையில் ஜீப் சத்தம் கேட்கும். மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பக்கம் கிளம்புகிற ஜீப்புகள். அந்தச் சத்தத்தில் எழுந்து, முகம்கூடக் கழுவாமல் அடுப்படி மூலைக்கு ஓடுவது ஐந்து வருஷமாக என் வழக்கம். அங்கே இரண்டு பலகைகளுக்கு நடுவில், அப்பத்தாவின் அம்மிக்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு ராத்திரி முழுக்க ஒரு புத்தகம் கிடந்திருக்கும். கல்லை இறக்கி, பலகையை எடுத்து, அதைக் கையில் வாங்குகிற நேரம் இருக்கிறதே! பசை காய்ந்த வாசம் லேசாக வரும். முதல் தடவை அட்டையைத் திறக்கும்போது முதுகோரம் மெல்ல முறுக்கிக் கொடுத்து ஒரு சின்னச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காக நான் இன்னும் நூறு புத்தகம் தைப்பேன்.

நான் தையல்காரி. முப்பது வருஷமாக ரவிக்கையும் பாவாடையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துப் பிழைக்கிறவள். அத்தனை காலமும் கையில் ஊசியை வைத்துக்கொண்டே, புத்தகமும் தைக்கிற பொருள்தான் என்பது தெரியாமல் இருந்துவிட்டேன். தெரிந்த நாளிலிருந்து யார் வந்தாலும் இதே பேச்சுதான். அளவு கொடுக்க வருகிறவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, "இத ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போங்க மதினி" என்று புத்தகத்தை மடியில் வைக்கிறேன். கெட்டி அட்டை போட்ட ஒரு முழுப் புத்தகத்தை வீட்டிலேயே, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, நம் கையாலேயே செய்துவிடலாம். இதைவிட எனக்குச் சந்தோஷம் தந்த சேதி வேறு வந்ததில்லை.

எல்லாம் அம்மாவின் பரணில் தொடங்கியது.

குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' தொடராக வந்த காலத்தில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதழ் தெருவில் நாலைந்து வீடு சுற்றும். கடைசியாக வந்து சேருகிற வீட்டுக்குத்தான் கத்தரித்துக்கொள்ளும் உரிமை. தாத்தா வீடு அந்தக் கடைசி வீடு. வாராவாரம் அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து, லதாவின் ஓவியங்கள் கசங்காமல் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டியும் கூடவே வந்தது. அப்பத்தாவிடம் இதற்கும் முந்திய கட்டு ஒன்று இருந்தது: ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலு படங்களோடு. அதைச் சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி வைத்திருந்தார்கள்.

இது எங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு கத்தரித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்த வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கடையில் வாங்கிய புத்தகத்தைவிட அந்த பைண்டுப் புத்தகத்துக்குத்தான் வீட்டில் மரியாதை. கதையோடு சேர்ந்து அந்த வாரத்து ஓவியம், ஓரத்தில் வந்த துணுக்கு, பின்பக்கத்து விளம்பரம், யாரோ பென்சிலில் போட்ட பால் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். உலகத்தில் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பதிப்பு. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததும் இப்படி வீடுகளிலிருந்து சிதறிப்போக இருந்த காகிதங்களைத்தானே! புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ் என்று எதையும் அவர் விடவில்லை. 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பல வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, 'கடல் புறா' கட்டில் ஒரு பங்கை எடுத்து ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ஓரத்தில் அகலமாகக் குத்தித் தைத்து, மூன்று பக்கமும் மிஷினில் வெட்டித் தந்துவிட்டார்கள். திறந்தால் வரிகளின் கடைசி எழுத்துகள் முதுகுக்குள் போயிருந்தன. நடுப்பக்க ஓவியத்தில் கப்பலின் பாதி காணோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்து, பரணில் வைத்துவிட்டாள். அந்த மௌனம் எனக்குள்ளேயே கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தேன். திருவான்மியூரில் தாரா புக்ஸ் என்ற பதிப்பகத்தின் கட்டடத்துக்கு அவள் கூட்டிப்போனாள். 1994-லிருந்து நடக்கிற பதிப்பகம். அங்கே ஒரு கறுப்புப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்கள். கையால் செய்த கறுப்புத் தாளில், பக்கம் பக்கமாக ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டு, கையாலேயே தைத்து, கையாலேயே அட்டை போட்டது. ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்ற சென்னைப் பட்டறையில் செய்கிறார்களாம். 2006-இல் வெளிவந்து, 2008-இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் காட்சியில் பரிசு வாங்கியது. படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் மரங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் நடுப்பக்கத்தை விரித்து, மடிப்புக்குள் ஓடிய நூலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் ஊசியால் போடக்கூடிய தையல் அது! பஸ்ஸில் ஊருக்கு வருகிற வழியெல்லாம் என் விரல்கள் அந்தத் தையலை மடியிலேயே போட்டுக்கொண்டு வந்தன.

போடியில் முன்பு அச்சகத்தில் பைண்டிங் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குத் திருமந்திரம்: "மொதல்ல தாளுக்கு எங்கிட்டு நாரு ஓடுதுன்னு பாரு தாயி." துணிக்கு நேரிழை, ஊடிழை உண்டு என்பது தையல்காரிக்குத் தெரியும். தாளுக்கும் உண்டு என்று யார் சொன்னார்கள்! மிஷினில் தாள் உருவாகும்போது நார்களில் பெரும்பாலானவை ஒரே திக்கில் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திக்கோடு மடித்தால் தாள் வாழை இலை மாதிரி வணங்கும். குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு, மடிப்பு விரிசல் விடும். ஒரு துண்டுத் தாளின் ஒரு பக்கத்தை ஈரவிரலால் தடவினால் போதும், தானே சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். சுருளின் குழல் எந்தத் திக்கில் நீள்கிறதோ அதுதான் நார் ஓட்டம். புத்தகத்தில் அது மேலிருந்து கீழாக, முதுகோடு ஒட்டி ஓட வேண்டும். உள்தாள், அட்டை, துணி எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு நான் திறந்து பார்க்காத புத்தகம் இந்த ஊரில் இல்லை.

நாலு தாளை ஒன்றாக மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். அச்சுக்காரர்கள் ஒரு ஃபாரம் என்பார்கள். இந்தப் பதினாறு என்ற எண் என்னைப் பித்துப்பிடிக்க வைத்தது. ஏன் தெரியுமா? இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578-இல் நம் மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் அச்சானது. அது மொத்தமே பதினாறு பக்கம். அதாவது ஒரு ஃபாரம்! நடுமடிப்பில் சில துளைகள், ஒரு முழ நூல், ஓர் ஊசி. என் தையல் பெட்டியில் இருப்பதை வைத்தே அதைத் தைத்துவிடலாமே என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதற்கும் முன்னால் நம்மவர்கள் சுவடி கட்டினார்கள். ஓலைகளுக்கு மேலும் கீழும் மரச்சட்டம். அதற்குப் பெயர் கம்பை. ஒரு துளையில் நாராசம் என்கிற கம்பி. இன்னொரு துளையில் கயிறு. கயிற்றின் நுனியில் ஓலையைக் கிளிமூக்குப் போல வெட்டி முடிந்திருப்பார்கள். கெட்டி அட்டை நமக்குப் புதுசா என்ன? கம்பைதான் நம் முதல் கெட்டி அட்டை.

நூலுக்கு நான் வெளியே தேடிப்போகவில்லை. ஏலக்காய் மூட்டை தைக்கிற கடைகளிலேயே நல்ல முறுக்கேறிய பருத்தி நூல் கிடைக்கிறது. அதைத் தேன்மெழுகுத் துண்டின் மேல் மூன்று தடவை இழுத்தால் சிக்கு விழாது, தாளையும் அறுக்காது. தைப்பதற்குச் சட்டம் வேண்டும் என்றார் பெரியவர். வீட்டிலிருந்த முக்காலியைக் கவிழ்த்தேன். மேலே நிற்கிற இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு குச்சியைக் கட்டி, அதிலிருந்து பாவாடை நாடாவை மூன்று வரிசை விறைப்பாக இறக்கினேன். ஃபாரத்தை நாடாக்களோடு ஒட்டி வைத்து, உள்ளே ஊசி போய், நாடாவைச் சுற்றி வெளியே வந்து, மறுபடி உள்ளே. ஓரத்துக்கு வந்ததும் கீழ் ஃபாரத்தின் தையலுக்கு அடியில் ஊசியைக் கொடுத்து ஒரு முடிச்சு. அடுத்தது, அதற்கடுத்தது. ஓரத்தில் அந்த முடிச்சுகள் சங்கிலித் தையலாக ஏறிக்கொண்டே போகும். ரவிக்கைக் கழுத்தில் பூவேலைக்குப் போடுகிறோமே, அதே சங்கிலி!

இங்கிலாந்தில் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்த ஒரு சுவிசேஷப் புத்தகம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. கையகலம்தான் இருக்கும். பிரிட்டிஷ் நூலகம் 2012-இல் 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஐரோப்பாவில் சிதையாமல் முழுசாக நமக்குக் கிடைத்த மிகப் பழைய புத்தகம் அது. அதன் தையலும் எகிப்தியக் கிறிஸ்தவர்கள் வழியாக வந்த இதே சங்கிலி வகைதான். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஒரு நூல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இப்போது வரும் புத்தகங்களில் பலவற்றுக்குத் தையலே கிடையாது. முதுகைச் செதுக்கி, சூட்டுப் பசை தடவி, அட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். இரண்டு கோடை தாண்டுவதற்குள் இதழ் இதழாக உதிர்கிறது. தைத்த புத்தகத்தை நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். கையை எடுத்துவிடுங்கள். அது பாட்டுக்கு மல்லாந்து படுத்திருக்கும். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே படிக்கலாம்!

பசைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொள்ளை ஆசை. ஒரு கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருந்தது சட்டென்று கண்ணாடி மாதிரி மினுங்கும். அதுதான் பதம். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டர்கள் இதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். மயில்துத்தத்தை ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுமா? அழுகல் நோய்க்கு மழைக்கு முன்னால் அடிக்கிற போர்டோ கலவையில் நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தோட்டத்தைக் காக்கிற அதே நீலக்கல் புத்தகத்தையும் காக்கிறது! விஷம் என்பதால் அதற்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அட்டை ஒட்டுகிற பசைக்கு மட்டும்தான் அது. பழைய தாள் மேல் படவே கூடாது. துத்தத்தில் இருக்கிற செம்பு பட்ட இடம் நாளடைவில் பழுத்து நொறுங்கிவிடும்.

பழைய தாளுக்கு வேறு பசை. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால் பால் இறங்கும்; கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். ரப்பரை எடுத்துப்போட்டுவிட்டுப் பாலைத் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். ஆமாம், அல்வாவுக்கு எடுக்கிற அதே கோதுமைப் பால்! அந்த மாவில் காய்ச்சிய பசை மெல்லிசு, நிறமில்லாதது. பின்னால் தவறு தெரிந்தால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். உலகத்து நூலகங்களில் பழைய தாளைச் செப்பனிடுகிறவர்கள் பயன்படுத்துவதும் கோதுமையின் இந்த மாவுச்சத்துதான். திருநெல்வேலிக்கும் அவர்களுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கும் என்று யார் கண்டது!

பசையும் தையலும் கைக்கு வந்த பிறகு பரணில் ஏறினேன்.

பத்திரிகையிலிருந்து கத்தரித்தவை எல்லாம் தனித்தனி இதழ்கள். மடிப்பே கிடையாது. மடிப்பு இல்லாத தாளை நடுவில் எப்படித் தைப்பது? அதனால்தான் கடைக்காரர்கள் ஓரத்தில் குத்தித் தைத்து எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள். பெரியவர் ஒரு வழி சொன்னார். பட்டத்தாள் மாதிரி மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு இதழ்களை அடுத்தடுத்து வைத்து, நடுவில் இந்தப் பட்டையை ஒட்டினால் அவை ஒரே தாளாகிவிடும். அதை மடிக்கலாம், தைக்கலாம். ஓர் எழுத்துகூடப் போகாது. ஆனால் வரிசை முக்கியம். எட்டு இதழ் ஒரு ஃபாரம் என்றால் ஒன்றோடு எட்டு, இரண்டோடு ஏழு, மூன்றோடு ஆறு, நாலோடு ஐந்து. மாற்றி ஒட்டினால் கதை தலைகீழ். நானும் அம்மாவும் கூடத்துத் தரை முழுக்கப் பரப்பிவைத்து ஜோடி சேர்த்தோம். மின்விசிறியைப் போடக் கூடாது. அது ஆடி மாசம் வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னல் எல்லாம் சாத்தி, வேர்த்து விறுவிறுத்து, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஜோடி. அந்த மூன்று மாதமும் எனக்குத் திருவிழா.

கடை பைண்டிங்கில் மாட்டிக்கொண்ட பங்கையும் பிரித்தேன். தையலை ஒவ்வொன்றாக அறுத்து, முதுகுப் பசையை ஈரத்துணியால் ஊறவைத்து, இதழ் இதழாக விடுவித்தேன். வெட்டுப்பட்ட ஓரம் வெட்டுப்பட்டதுதான். ஆனால் தைத்த பக்கத்தில் எழுத்துகள் பத்திரமாக உள்ளேயே இருந்தன! இத்தனை வருஷம் முதுகுக்குள் மறைந்திருந்த வரிமுனைகள், கப்பலின் மறுபாதி எல்லாம் வெளியே வந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, விரலை வைத்து அந்தப் பாய்மரத்தை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

நடுவில் சில வாரங்கள் கிடைக்கவே இல்லை. கடையில் முழுப் புத்தகம் வாங்கி அந்தப் பகுதியை நகலெடுத்து வைக்கலாம்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குக் கதை தெரியும்டி. வெறுந்தாள் வச்சுத் தை. நான் எழுதுறேன்" என்றாள். வைத்தேன். காணாமல் போன வாரங்களின் இடத்தில் இப்போது அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. யார் வீட்டில் உட்கார்ந்து அந்த வாரத்தைப் படித்தாள், அன்றைக்கு மழையா வெயிலா என்பது உள்பட.

அட்டைக்கு மதுரையிலிருந்து கிரே போர்டு வாங்கி வந்தேன். 2010 முடிவில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் மறுபடி வந்துவிட்டதே, அந்தப் பயணமே தனிச் சுகம். அந்தக் காலத்தில் புது மண்டபத்தில் ஒரு தூணடியில் புத்தகக் கடை, அடுத்த தூணடியில் தையல் மிஷின் என்று இருக்கும். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சின்ன வயசில் அங்கே அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்த இரண்டு தொழிலும் ஒரு நாள் என் மடியில் வந்து சேரும் என்று நினைத்தேனா!

அட்டையை உள்தாளைவிட மேலே மூன்று மில்லி, கீழே மூன்று மில்லி, முன்பக்கம் மூன்று மில்லி நீட்டி வெட்ட வேண்டும். வீட்டுக்கு இறவாரம் மாதிரி. மழையும் அடியும் அட்டையோடு போகும். தாளின் ஓரம் தப்பித்துக்கொள்ளும். அட்டைக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே ஏழெட்டு மில்லி இடைவெளி. அதுதான் கதவுக்குக் கீல். அந்த இடைவெளியில் துணியைக் கொம்புச் சீப்பின் முதுகால் அழுத்தி ஒரு பள்ளம் இழுத்துவிட்டால், அட்டை எத்தனை ஆயிரம் தடவை திறந்தாலும் தாளை இழுக்காது. தைத்த கட்டின் முதுகில் பசை தடவி, பாதி காய்ந்ததும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வளைத்து, பழைய மல் வேட்டித் துண்டை ஒட்டுகிறேன். முதுகின் தலையிலும் காலிலும் வண்ணமாக ஒரு வரம்பு கட்டுவார்கள் இல்லையா, அதற்கு ரவிக்கைக் கழுத்துக்குக் கொடுக்கிற பைப்பிங்கையே வைத்தேன். கயிற்றைச் சுற்றித் துணி. அவ்வளவு பொருத்தம்! பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணலியே தாயி" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மேல்துணி காலிகோதான் வழக்கம். நான் சேலை வைக்கிறேன். சின்னாளபட்டி சுங்குடி, சக்கம்பட்டிச் சேலை என்று கிழிந்தும் மனசு வராமல் மடித்து வைத்திருப்போமே, அதெல்லாம். வெறும் சேலையில் பசை ஊறி வெளியே வந்துவிடும். அதனால் கடப்பா கல்லை ஈரமாக்கி, துணியைக் குப்புற விரித்து, பசை தடவிய மெல்லிய தாளை அதன் முதுகில் ஒட்டிக் காயவைக்கிறேன். காய்ந்த பிறகு சேலையும் தாளும் சேர்ந்து புதுசாக ஒன்று பிறக்கிறது. தட்டினால் டமடமவென்று சத்தம் வரும். பெயரை அதில் ஊசியாலேயே எழுதுகிறேன். 'கடல் புறா' மூன்று தொகுதிக்கும் அம்மாவின் கருநீலச் சுங்குடியில் வெள்ளை நூலில் சங்கிலித் தையல். சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் ராத்திரிக் கடலுக்கு மேலே நட்சத்திரம் மாதிரி தானாகவே அமைந்துவிட்டன. நான் திட்டம் போடவே இல்லை!

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: அவசரப்படக் கூடாது. துணி ஒட்டியதும் காயும்போது அது சுருங்கி அட்டையை வெளிப்பக்கமாக வளைக்கும். உள்ளே ஒட்டுகிற தாள் உள்பக்கமாக இழுத்து அதை நேராக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ள ஒரு ராத்திரி வேண்டும். என் முதல் புத்தகத்தை ஆடிக்காற்றில் திண்ணையில் காயவைத்தேன். ஒரு மணி நேரத்தில் அட்டை அப்பளமாக வளைந்து நின்றது. அன்றிலிருந்துதான் அம்மிக்கல்.

பிறகு அய்யாவின் குறிப்புகள். அவர் மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆள் கணக்குக்குத் தனி நோட்டு. அதுபோக, கிடைத்த தாளில் எல்லாம் அன்றாடம் நாலு வரி எழுதிவைப்பார். மழை உண்டா இல்லையா, எத்தனை கிலோ பச்சைக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போனது, போடியில் என்ன விலை, யானை வந்ததா. 1983-இல் மழை பொய்த்துச் செடி கருகிய மாதங்களில் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சொல்தான்: 'வெயில்'. கோடு போட்ட தாள், ரசீதின் பின்பக்கம், காலண்டர் தாள் என்று அளவு அளவாகக் கிடந்ததை எல்லாம் பட்டை ஒட்டி ஒரே கட்டாக்கினேன். இரண்டு பக்கமும் புதுச்சேரி ஆசிரமத்தில் கையால் செய்கிற, பளிங்கு மாதிரி வண்ணம் ஓடுகிற தாள். முதுகுக்கும் முனைகளுக்கும் அவருடைய காக்கிச் சட்டைத் துணி. தம்பி அதை வாங்கிப் பார்த்தவன், ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு ராத்திரி ரெண்டு மணி வரை படித்தான். முப்பது வருஷமாக அந்தத் தாள்கள் இதே வீட்டில்தான் கிடந்தன. ஒருத்தரும் படிக்கவில்லை. முதுகும் அட்டையும் வந்ததும் அவை பேச ஆரம்பித்துவிட்டன.

நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மேலே காய் எடுக்கப் போகிறவள். கையில் ஒரு மஞ்சப்பை. அவளுடைய அம்மா இந்தச் சுற்று வட்டாரத்தில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பேர்போனவர். கண்ணை மூடுவதற்கு முந்திய வருஷம் அவர் பாடப் பாட, அவருடைய பேத்தி நீள நோட்டுத் தாளில் எழுதியிருக்கிறாள். பையில் அதுதான்.

"அக்கா, இதுக்கும் அட்ட போட முடியுமா? எம்புட்டு ஆகும்?"

"துணி மட்டும் கொண்டா, போதும்" என்றேன்.

பையின் அடியிலிருந்து ஒரு கண்டாங்கித் துண்டை எடுத்தாள். அரக்குச் சிவப்பு, மஞ்சள் கட்டம். அவளுடைய அம்மா கடைசியாக உடுத்தியிருந்த சேலையாம்.

எழுபது சொச்சம் தாள். நல்லவேளை, பேத்தி நோட்டின் நடுவிலிருந்து ஜோடி ஜோடியாகவே உருவி எழுதியிருந்தாள். மடிப்பு அப்படியே இருந்தது. ராத்திரியே நூலுக்கு மெழுகு இழுத்துத் தைத்து முடித்தேன். இன்றைக்குக் காலையில் கண்டாங்கிக்குத் தாள் ஒட்டி, மத்தியானம் அட்டை போட்டு, இப்போதுதான் பலகைக்கு நடுவே வைத்துக் கல்லை ஏற்றினேன். ஜீப்பில் கூட வருகிற பெண்களிடம் காட்ட வேண்டுமாம். நாளைக்கே வேண்டும் என்கிறாள்.

நாலரைக்கு ஜீப். நாலு மணிக்கே எழுந்து கல்லை இறக்க வேண்டும்.